முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் வீடு மிஞ்சுமா? ஜூ சியாட் வரிசை வீட்டைப் புதுப்பிப்பது பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரின் ஜூ சியாட் வட்டாரத்தில் 1920களில் கட்டிய ஈரடுக்கு வரிசை வீடு ஒன்றைக் குடும்பமாகச் சேர்ந்து வாங்கியிருக்கிறீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம். முகப்பை மட்டும் விட்டுவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடலாம், நடுவில் காற்றும் வெளிச்சமும் வர வானம் பார்த்துத் திறந்திருக்கும் ஏர்வெல்லைக் கண்ணாடிக் கூரையால் மூடி வீடு முழுக்க ஏசி வைக்கலாம் என்கிறார் உங்கள் வடிவமைப்பாளர். உங்கள் மாமனாரோ பழைய வீட்டில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. நூறு வயதை நெருங்கும் வீட்டில் பிள்ளைகளோடு வசதியாக வாழ வேண்டுமென்றால் நிறைய மாற்றத்தான் வேண்டும். குளியலறை, சமையலறை, மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாமே புதிதாக வரவேண்டியவை. ஆனால் எதை மாற்றுவது என்பதை முகப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த வீடு மூச்சு விடுவது ஏர்வெல் வழியாக. அது நிற்பது அடுத்த வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் இரண்டு பக்கத்துப் பொதுச்சுவர்களையும் அவற்றுக்கு இடையே ஓடும் மர உத்திரங்களையும் நம்பி. இந்த மூன்றையும் கெடுக்காமல் செய்கிற எந்தப் புதுமையையும் அந்த வீடு தாங்கும். கெடுத்துவிட்டால் முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வீடு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்த வீடுகள் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1822இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்குக் கொடுத்த உத்தரவிலேயே, செங்கல் வீடுகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் மக்கள் தடையில்லாமல் நடக்கக் கூரையிட்ட நடை இருக்க வேண்டும் என்று இருந்தது. இன்று உங்கள் வாசலுக்கு முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதை அப்படி வந்ததுதான். வீட்டின் அகலத்தை முடிவு செய்தது மரம். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒரே உத்திரம் எட்ட வேண்டும். கிடைத்த மரங்களின் நீளத்துக்கு அது 16 முதல் 20 அடி வரைதான் வந்தது. அதனால் அகலம் குறுகி, ஆழம் நீண்டது. அகலத்தைப் போல நாலு, ஐந்து மடங்கு ஆழமான வீடுகள் சர்வசாதாரணம். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. முன்பக்க வெளிச்சம் சில மீட்டருக்குமேல் உள்ளே வராது. அந்தச் சிக்கலுக்கு அன்றைய கொத்தனார்கள் கண்ட வழிதான் நடுவே வானம் பார்த்த ஏர்வெல். நம் ஊர் முற்றம் போலத் தெரிந்தாலும் இது குறுகலானது, உயரமானது, வீட்டின் ஒரு பக்கச் சுவரை ஒட்டியே பெரும்பாலும் இருக்கும்.

அதை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, சரித்திரமே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த நகரின் நடுப்பகுதிக் கடைவீடுகளில் கூட்டம் பெருகியது. மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். ஜன்னலே இல்லாத அறைகள். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். காசநோய் பரவியது. சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய வந்த மருத்துவர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் 1907இல் கொடுத்த அறிக்கையில் வெளிச்சமும் காற்றும் இல்லாததைத்தான் முதன்மைக் குறையாகக் காட்டினார். வீடுகளின் பின்னால் சந்து விட வேண்டும் என்றார். பின்னாளில், 1927இல் உருவான சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை பல இடங்களில் வீடுகளின் பின்பகுதியை வெட்டியே பின்சந்துகளை உருவாக்கியது. பழைய வரிசைகளில் பல வீடுகளின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வயது வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அதே செங்கல், அதே அகலம், அதே ஆழம். காற்று ஓடியபோது அது நல்ல வீடு, காற்றை அடைத்தபோது நோய்க்கிடங்கு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நகரத் திட்டமிடலைக் கவனிக்கும் அரசு அமைப்பான நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989 ஜூலையில் முதல் பத்துப் பாதுகாப்பு வட்டாரங்களை அரசிதழில் அறிவித்தபோது 3,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் அடங்கின. இப்போது நாடு முழுக்க 7,000க்கும் மேல். அவற்றில் பெரும்பான்மை கடைவீடுகளும் வரிசை வீடுகளும்தான். ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று விஷயம்: முடிந்த மட்டும் இருப்பதைத் தக்கவைத்தல், பொருத்தமாக மீட்டெடுத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். இடித்துவிட்டு அதே மாதிரி கட்டுவது இந்த மூன்றிலும் சேராது.

எல்லா வட்டாரத்துக்கும் ஒரே விதி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். எமரால்டு ஹில், பிளேர் சாலை, கேர்ன்ஹில் பக்கம் குடியிருப்பு வரலாற்று வட்டாரங்கள்; அங்கே பின்னால் சேர்த்துக் கட்டலாம், ஆனால் பிரதான கூரையைவிடத் தாழ்வாக. ஜூ சியாட், கேலாங் போன்றவை இரண்டாம் நிலைக் குடியேற்றப் பகுதிகள். இங்கே தெருவை ஒட்டிய பிரதான கட்டடத்தைக் காத்துக்கொண்டு, பின்னால் அந்த இடத்துக்கு அனுமதித்த உயரம் வரை புதிதாக எழுப்பலாம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான். உங்கள் வடிவமைப்பாளரின் கற்பனைக்கும் அங்கே நிறைய இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முன்கட்டடத்தைக் குடைவானேன்?

காக்க வேண்டிய கூறுகள் என்று ஆணையம் பட்டியலிடுபவற்றில் முகப்பு ஒன்றுதான். கூரை, பொதுச்சுவர், மரச்சட்டங்கள், ஏர்வெல், பின்முற்றம், ஜன்னல்கள், படிக்கட்டு எல்லாமே அதில் உண்டு. எதையாவது மாற்றியாக வேண்டும் என்றால் அது பழுதுபார்க்க முடியாத நிலையில் இருக்கிறது என்று காட்டி அனுமதி கேட்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும்.

இனி நீங்கள் அஞ்ச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்: உள்ளே குடைந்து கான்கிரீட் தளம் போடுவது. இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை, அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்புப் பிரச்சினை. உங்கள் பொதுச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்கும், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. அடித்தளமும் ஆழமற்றது, படிப்படியாக அகலும் செங்கல் அடுக்குதான். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் உங்கள் உத்திரங்கள் நுழைந்திருக்கின்றன, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் உத்திரங்கள். மாடித்தளம் எடையைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது இன்னொன்று உண்டு: அதே தளம்தான் உயரமான, மெல்லிய சுவர் இரண்டையும் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகிறது. ஒரே நேரத்தில் எல்லா உத்திரத்தையும் உருவிவிட்டால் சுவர் தரையிலிருந்து கூரை வரை பிடிமானமின்றி நிற்கும். கொஞ்சம் சாய்ந்தால் போதும், விரிசல் முதலில் தெரிவது பக்கத்து வீட்டில்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிலோ. கெட்டி மரப்பலகையும் உத்திரமும் சேர்ந்தால் 50, 60 கிலோ. ஆறு மடங்கு எடையை அந்தப் பழைய அடித்தளம் மேல் வைக்கப் போகிறீர்களா? வைக்க முடியாது, ஆகவே கான்கிரீட் போட்டால் கூடவே உள்ளே புதுத்தூண், அதற்குப் புது அடித்தளம், அதற்காகப் பழைய சுவரை ஒட்டியே பள்ளம் என்று வேலை ஒன்றிலிருந்து ஒன்றாக வளரும். 16 அடி அகலத்தில் இருபுறமும் தூண் வைத்தால் அறையின் அகலமும் போகும். வடிவமைப்பாளர் காட்டும் படத்தில் இதெல்லாம் தெரியாது.

மரத்தளத்தைப் பழுதுபார்ப்பது அவ்வளவு கஷ்டமான காரியமும் இல்லை. அக்காலத்து வீடுகளில் செங்கால் போன்ற கெட்டி மரங்கள் கிடைத்தன. அவை கரையானுக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. உத்திரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது சுவருக்குள் நுழைந்திருக்கும் முனைதான், ஏனென்றால் சுவரின் ஈரம் அங்கே தங்குகிறது. முனையை மட்டும் வெட்டிவிட்டு அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு இணைக்கலாம், அல்லது இரு பக்கமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் முடுக்கலாம். முழுவதும் கெட்ட உத்திரத்தை மட்டும் மாற்றலாம். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று உத்திரம், முட்டுக்கொடுத்து, வரிசையாக. மெதுவான வேலைதான், ஆனால் சுவர் அசையாது. ஒவ்வொரு உத்திரத்தையும் தட்டிப் பார்த்து, சின்னத் துளை போட்டுச் சோதித்து, வரைபடத்தில் குறித்துக் கொடுக்கச் சொல்லி நிபுணத்துவப் பொறியாளரிடம் கேளுங்கள். அந்த வரைபடம் இல்லாமல் மரம் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மரத்தளத்தில் இரண்டு குறை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று தீ, மற்றது சத்தம். தீ விஷயத்தில், தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் தேவைகளை உங்கள் கட்டடக்கலைஞர் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டு வடிவமைக்க வேண்டும். உத்திரத்துக்கு அடியில் தீத்தடுப்புப் பலகை அடிப்பது, வெப்பத்தில் நுரைத்து மரத்தை மூடிக்கொள்ளும் பூச்சு அடிப்பது, புகை உணர்கருவி வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. சத்தத்துக்குப் பலகைக்கும் உத்திரத்துக்கும் இடையே ரப்பர் பட்டை, உத்திரங்களுக்கு நடுவே கனிமக் கம்பளி. முழுதாக அடங்காது, குறையும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். ஜூ சியாட் வீட்டை வாங்கிய பலரும் முதல் மழைக்காலத்தில் பார்ப்பது இதைத்தான்: தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் பொரிந்து, உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. உடனே யாராவது அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, மேலே நீர்புகாப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். சில மாதம் நன்றாக இருக்கும், பிறகு அதே பொரிவு இன்னும் உயரத்தில் வரும். பழைய செங்கல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சுவது. சுண்ணாம்புக் கலவையும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருந்தன. ஈரம் ஏறும், காயும், அவ்வளவுதான். சிமென்ட் அந்தக் கதவை மூடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, இன்னும் மேலே ஏறுகிறது. நான் முன்பு சொன்ன மரச்சேதத்துக்குச் சுவரில் இப்படி அடைபடும் ஈரமும் ஒரு காரணம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊர் இது, காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். இங்கே சுவர் மூச்சுவிடுவது ஆடம்பரம் இல்லை.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஏர்வெல்லில் விழும் மழைநீர் பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஓடும் வடிகால் வழியாகப் போகும். அந்த வடிகால் உடைந்திருக்கலாம், அடைத்திருக்கலாம். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சில வீடுகளில் வெளித்தரையை ஆண்டாண்டாக உயர்த்தி உயர்த்தி, உள்தரை தாழ்ந்து போயிருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகு சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு, சுவரைச் சில மாதம் சும்மா காய விடுங்கள். வேலையாட்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்காது, ஆனால் வேறு வழியில்லை. தேவையென்றால் சுவரின் அடியில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தலாம். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே காற்றை விடும் சிலிகேட் பெயின்ட் அல்லது சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் படலமாக உறையும் பெயின்ட் எதுவும் இந்தச் சுவருக்கு ஆகாது.

சுண்ணாம்பு என்றதும் தமிழர்கள் பெருமைப்பட ஒரு காரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1850களின் பிற்பகுதியில் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர்பெற்ற பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்து, பூசிக் காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உங்கள் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் சுண்ணாம்பில் கைபழகிய ஆளைத் தேடிப் பிடியுங்கள். சிமென்ட் பூசும் வேகத்தில் இதைப் பூசினால் வெடித்துவிடும். மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று போக வேண்டும்.

பொதுச்சுவரில் இன்னொரு கட்டுப்பாடு: குழாயும் வயரும் புதைக்கக் காடி வெட்டாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் இரண்டு அங்குலம் வெட்டினால், அந்த இடத்தில் சுவரின் பலத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறீர்கள். மின்வயர், ஏசிக் குழாய் எல்லாம் ஒரு பக்கமாக அலமாரிக்குப் பின்னாலோ, செங்குத்தான ஒரே குழாய்ப் பாதையிலோ போகட்டும். நாளை பழுது வந்தாலும் கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஏர்வெல். கண்ணாடிக் கூரை போட்டால் மழை வராது, வெளிச்சம் வரும், ஏசி வீணாகாது என்பது வடிவமைப்பாளரின் வாதம். நம் வெயிலில் கண்ணாடியால் மூடிய உயரமான குழி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்கச் சூடு உள்ளே சேரும், மேலே ஏறிய வெப்பக்காற்று வெளியேற வழியிருக்காது. அதைக் குளிர்விக்க இன்னும் ஏசி. ஈரமான பழைய சுவர், ஒரு பக்கம் குளிர்ந்த அறை, மறுபக்கம் ஈரக்காற்று என்றால் சுவரில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். திறந்திருக்கும் ஏர்வெல்லோ எந்தச் செலவும் இல்லாமல் வெப்பக்காற்றை மேலே இழுத்துவிடுகிறது. ஐந்தடி நடைபாதையின் நிழலில் இருக்கும் காற்று முன்கதவு வழியாக உள்ளே வருகிறது. பழைய கதவுகளுக்கு மேலே காற்றுத்துளைகளும், ஜன்னல்களில் சாய்வான சட்டங்களும் வைத்தது இதற்காகத்தான்.

மழை உள்ளே தெறிக்கும் என்ற கவலை நியாயமானது. அதற்கு ஏர்வெல்லை மூட வேண்டாம், அதைச் சுற்றியுள்ள அறைகளை மூடிக்கொள்ளுங்கள். மடக்குக் கதவு, நகரும் கண்ணாடி, மரச்சட்ட ஜன்னல் எதுவானாலும் சரி. தேவைப்படும்போது திறக்கலாம், ஏசி போடும்போது சாத்தலாம். கூரையின் உட்சரிவிலிருந்து வரும் நீரைப் பிடிக்கும் தகரவாரியை இருப்பதைவிட அகலமாக்கி, அடைத்தால் வழிந்தோட இரண்டாவது வழியும் வையுங்கள். இந்த வகை வீட்டில் பெருஞ்சேதங்கள் பலவும் இலை அடைத்த ஒரு தகரவாரியில் தொடங்குபவை. முற்றத்துத் தரையைக் கொஞ்சம் தாழ்த்தி, கருங்கல்லோ கெட்டியான தரை ஓடுகளோ போட்டு, வடிகாலை எளிதில் திறந்து சுத்தம் செய்யும்படி வைத்துவிட்டால் மழையையும் ரசிக்கலாம். ஏசி படுக்கையறைகளுக்குப் போதும். கூடமும் சாப்பாட்டு அறையும் மின்விசிறியில் நன்றாகவே இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் நீல் சாலையில் உள்ள பாபா இல்லத்துக்கு அழைத்துப் போங்கள். 1890களில் கட்டிய, பெரனாக்கான் (இங்கேயே வேரூன்றிய சீன வம்சாவளி) குடும்பத்தின் வரிசை வீடு அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மீட்டெடுத்து 2008இல் திறந்தது. அதன் ஏர்வெல்லுக்கு அடியில் சில நிமிடம் நின்றாலே நான் இவ்வளவு எழுதியது விளங்கும்.

உங்கள் வடிவமைப்பாளரின் நவீன ஆசைக்கெல்லாம் இடம் பின்பகுதிதான் என்றேன். அதை எப்படிப் பயன்படுத்தலாம்? தண்ணீர் புழங்கும் அறைகள் எல்லாவற்றையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். சமையலறை, குளியலறைகள், துணி துவைக்கும் இடம். பழைய மரத்தளத்தின் மேல் குளியலறை வைக்காமல் இருந்தாலே பாதிக் கவலை போய்விடும். அங்கே ஒரு குழாய் கசிந்தால் உத்திரம் கெட்ட பிறகுதான் நமக்குத் தெரியும். புதுக்கட்டடம் தன் காலில் நிற்கட்டும். அதன் எஃகோ கான்கிரீட்டோ பழைய சுவர்மேல் சாயக் கூடாது. இரண்டுக்கும் இடையே அசைவுக்கு இடைவெளி விட்டு, மேலே மழை புகாதபடி மூடினால், ஒன்று லேசாக அமிழ்ந்தாலும் மற்றது விரிசல் விடாது. அடித்தளத்துக்கு மைக்ரோ பைல், அதாவது துளையிட்டு இறக்கும் மெல்லிய தூண்கள், கேளுங்கள். அடித்து இறக்கும் தூண்களின் அதிர்வைப் பழைய சுவர்கள் தாங்கா. மைக்ரோ பைல் போடும் சின்ன இயந்திரம் பின்சந்து வழியாகவே வந்துவிடும்.

தோற்றத்தில் புதுப்பகுதி பழசைப் போல வேஷம் போட வேண்டியதில்லை. பூவேலையும் வளைவும் வைத்துப் புதிதாகக் கட்டினால் எது அந்தக் காலத்தது, எது இன்றையது என்று யாருக்கும் தெரியாமல் போகும். மெல்லிய எஃகு, பெரிய கண்ணாடி, வெறும் கான்கிரீட் எதையும் பின்னால் தைரியமாகப் போடட்டும். பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் நடுவில் இன்னொரு திறந்த முற்றம் விட்டால் வீட்டுக்கு இரண்டாவது நுரையீரல் கிடைக்கும். இந்த ஊரில் நன்றாகப் புதுப்பித்த பல வரிசை வீடுகளின் ரகசியம் இந்த இடைவெளிதான். அறைப்பரப்பு கொஞ்சம் குறையும் என்று தயங்குவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூரைக்கு வேறு யோசனையே வேண்டாம். மெருகிடாத, இயற்கை நிறக் களிமண் ஓடுதான் விதி, அதுவே நல்லதும்கூட. ஆனால் ஓட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் இன்றைய நுட்பம் எல்லாம் வரலாம்: நீர்த்தடுப்பு உலோகத்தகடு, வெப்பத்தைத் திருப்பும் படலம், காப்புப்பஞ்சு. கூரைக்குள் உயரம் இருந்தால் பரண்அறையும் அமைக்கலாம். ஏசியின் வெளிப்பெட்டிகளைப் பின்கட்டடத்தின் மேல், தெருவில் நடப்பவர் கண்ணுக்குப் படாதபடி வையுங்கள்.

முகப்பைப் பற்றிக் கடைசியாகப் பேசுவதற்குக் காரணம், அதை எல்லாரும் கவனித்துக்கொள்வார்கள் என்பதுதான். இருந்தாலும் இரண்டு எச்சரிக்கை. 1920, 30களின் வீடுகளில் ஷாங்காய் பூச்சு என்ற ஒன்று உண்டு. சிமென்ட்டோடு பொடிக்கற்கள் கலந்து பூசி, மேல்தோலைக் கழுவிக் கற்களை வெளித்தெரியச் செய்வது, தூரத்தில் பார்த்தால் செதுக்கிய கல் போலவே இருக்கும். பிற்காலத்தில் வந்தவர்கள் அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். உங்கள் முகப்பில் ஒரு மூலையில் பெயின்டைக் கவனமாக நீக்கிப் பாருங்கள். அது இருந்தால் மறுபடி பெயின்ட் வேண்டாம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவே கூடாது, பூவேலையின் கூர்மை எல்லாம் போய்விடும். ரசாயனக் களிம்பு பூசி மெதுவாக எடுக்கலாம். இன்னொன்று, பூப்போட்ட மெருகு ஓடுகள். அவை ஐரோப்பாவிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் வந்தவை, திரும்பக் கிடைப்பது அரிது. உடைந்தது நாலு என்றால் நாலை மட்டும் மாற்றுங்கள். வரிசை ஒரே மாதிரி இல்லையே என்று நல்ல ஓடுகளையும் பெயர்ப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

முகப்பை மட்டும் காத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பூகிஸ் ஜங்ஷன் போய்ப் பாருங்கள். 1990களில் அங்கே கடைவீட்டு முகப்புகளை மறுபடி எழுப்பி, தெருவுக்கே கண்ணாடிக் கூரை போட்டு, கடைத்தொகுதி ஆக்கினார்கள். நிழலாகவும் குளிராகவும் இருக்கும், நடப்பதற்குச் சுகம். ஆனால் முகப்புக்குப் பின்னால் வீடு இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளுக்கு அந்த அளவு கவனம்கூடக் கிடைக்கவில்லை. வரிசையாக உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிய அந்த நீண்ட கூடங்கள் இருந்த இடத்தில் இன்று அலுவலகக் கோபுரங்கள். உங்கள் கையில் இருப்பது தப்பிப் பிழைத்த ஒரு முழு வீடு. 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைப் போருக்கு முந்தைய மட்டத்தில் நிறுத்திவைத்தது. அது 2001இல்தான் முற்றாக விலக்கப்பட்டது. உரிமையாளர்களுக்கு வருமானம் இல்லாததால் பராமரிப்பும் இல்லை, பெரிய மாற்றமும் இல்லை. இப்படிப்பட்ட பல வீடுகளில் மூல உத்திரமும் ஏர்வெல்லும் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்: ஆணியைப் பிடுங்காமல் இருப்பதும் வீட்டைக் காப்பதாகாது. பழைய வயரையும் உடைந்த வடிகாலையும் அப்படியே விட்டால் தீயோ ஓதமோ அந்த வீட்டைக் கொண்டுபோய்விடும். அவர் கவலை வீட்டின் குணம் போய்விடக் கூடாது என்பது. அதை ஏர்வெல்லும் மரமும் சுண்ணாம்பும் காத்துக்கொள்ளும்.

அடுத்த முறை வடிவமைப்பாளரைச் சந்திக்கும்போது படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள். உத்திரங்களின் நிலை குறித்த வரைபடம். வடிகாலுக்குள் எடுத்த கேமராப் பதிவு. வேலை நடக்கும்போது பொதுச்சுவரை எப்படி முட்டுக்கொடுத்து வைப்பார்கள் என்று பொறியாளர் எழுத்தில் தரும் திட்டம். இரு பக்கத்து வீடுகளிலும் இப்போது இருக்கும் விரிசல்களைப் படமெடுத்து, விரிசல் அகலுகிறதா என்று காட்டும் விரிசல்மானி ஒட்டி, இரு வீட்டாரும் கையெழுத்திட்ட பதிவு. கடைசியதை நீங்களே நேரில் போய், கதவைத் தட்டி, திட்டத்தை விளக்கிச் சொல்லி வாங்கினால் நல்லது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மனிதர்கள் அவர்கள்; தூசியையும் சத்தத்தையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளப் போகிறவர்களும் அவர்கள்தான்.